மகாதேவி வர்மா: மாணவப் பருவமும் முதற்கவிதைகளும்

கவிதை பிறவியிலேயே வாய்ப்பது என்பர் சிலர். பயிற்சியால் வருவது என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் இருந்தும், அமர்ந்து எழுத ஓர் இடமும் எழுதியதைக் கேட்க ஒரு செவியும் அமையாவிடின் கவிதை ஏட்டில் ஏறுவதில்லை. பெண்களைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. இந்திக் கவிஞர் மகாதேவி வர்மாவின் மாணவப் பருவத்தை நோக்கினால் இது நமக்குத் தெளிவாகும்.

மகாதேவி 1907-இல் ஃபருக்காபாத்தில் பிறந்தார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பெண் குழந்தையே இல்லாதிருந்த குடும்பம் அது. அதற்கு முன்னர்ப் பிறந்த பெண் மகவுகளைப் பிறந்தவுடனேயே மேலுலகுக்கு அனுப்பிவிடுவர் என்று தாம் கேள்வியுற்றதை அவரே எழுதியுள்ளார். இவரோ போற்றி வளர்க்கப்பட்டார். மீராவின் பாடல்களைப் பாடும் அன்னையிடம் இந்தி கற்றார். ஆயினும் கால வழக்கம் விடவில்லை. ஒன்பதாம் வயதிலேயே திருமணம் நடந்தது. அத்தோடு முடிந்திருக்கவேண்டிய கல்வி முடியவில்லை. அலகாபாத் கிராஸ்த்வெயிட் பெண்கள் கல்லூரியின் விடுதி அவரை ஏற்றுக்கொண்டது.

அங்கே ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தவருக்கு அறைத்தோழியாக வாய்த்தவர், ஏழாம் வகுப்பில் பயின்ற சுபத்ரா குமாரி. வடபுலத்தில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் மனப்பாடம் செய்த ஜான்சி ராணி பாடலைப் பின்னாளில் இயற்றியவர் அவரே. அன்னையின் வழியில் விரஜ மொழியில் மறைவாக எழுதிவந்த மகாதேவி, கேட்டபோது ‘இல்லை’ என்று மறுத்தார். சுபத்ரா விடவில்லை. மேசையைத் துழாவித் தாள்களைக் கண்டெடுத்து, கையைப் பற்றி இழுத்துச் சென்று, ‘இவள் கவிதை எழுதுகிறாள்’ என்று விடுதி முழுதும் அறிவித்துவிட்டார். மற்ற பெண்கள் விளையாடும் வேளையில், தாழ்ந்திருந்த மரக்கிளை ஒன்றில் இருவரும் அமர்ந்து பாட்டுக் கட்டினர். சுபத்ராவைப் பின்பற்றி மகாதேவியும் கடிபோலியில் எழுதத் தொடங்கினார். அவர்தம் பாடல்கள் ‘ஸ்த்ரீ தர்பண்’ இதழில் வெளிவந்தன.

சுபத்ரா சென்றபின் அவ்விடத்துக்கு வந்தவர் கோலாப்பூரைச் சேர்ந்த ஜெபுன்னிசா. மகாதேவியின் மேசையைத் துடைத்துப் புத்தகங்களை அடுக்கிவைத்து, அவருக்கு எழுத நேரம் கிடைக்கச் செய்தார். அவதி பேசுவோரும் புந்தேலி பேசுவோரும் ஓரிடத்தில் உண்டு, ஒன்றாய் வழிபட்டனர், பூசலில்லை. பல மொழியினரிடையே வாழும் நமக்கு இச்செய்தி இனிக்கிறது.

கவியரங்கொன்றில் அவர் வெள்ளிக் கிண்ணம் ஒன்றைப் பரிசாகப் பெற்றார். ஆனந்த பவனத்துக்கு வந்திருந்த காந்தியடிகளிடம் அதைக் காட்டினார். அடிகள் கேட்கவே, கொடுத்துவிட்டார். கவிதையைப் படித்துக்காட்டுமாறு அவர் கேட்கவில்லையே என்று சிறுமிக்கு வருத்தம். ஆயினும் கொடுத்ததில் மகிழ்ச்சியே.

இவ்விளமை உணர்வுகள் கல்லூரி நாட்களில் முதிர்ந்தன. அந்நாட்களின் பாடல்களே 1930-இல் ‘நீஹார்’ என்னும் முதல் தொகுதியாயின. நீஹார் என்பது மூடுபனி. உருப்பெறாத ஏக்கமே அதன் பொருள். பின்னர் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் வடமொழி பயின்று 1932-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதே ஆண்டில் வெளிவந்தது ‘ரஷ்மி’, அதாவது கதிர். முன்னதில் வெறும் ஏக்கமாயிருந்த துயரம், பின்னதில் உலகனைத்தையும் பிணைக்கும் இழையாகச் சிந்திக்கப்படுகிறது. இளமை முதல் புத்தர்பால் கொண்ட ஈடுபாட்டை அந்நூலின் முன்னுரையில் அவர் குறிப்பிடுகின்றார். மூடுபனியிலிருந்து கதிருக்கு என இம்மாற்றத்தை நூற்பெயர்களே உணர்த்துகின்றன. உணர்வைத் தந்தது விடுதி எனில், அதற்கு அறிவின் ஒளியைத் தந்தது பல்கலைக்கழகம் எனலாம்.

தாம் பெற்றதைப் பிறர்க்கும் வழங்கினார். பட்டம் பெற்றபின் பிரயாக் மகிளா வித்யாபீடத்தின் முதல்வராகிப் பெண் கல்விக்கே உழைத்தார். 1982-இல் ஞானபீடப் பரிசு பெற்ற அவரது ‘யாமா’வில் அடங்கிய நான்கு தொகுதிகளுள் முதலிரண்டும் மாணவப் பருவத்தின் விளைச்சலே.

மகளை வெளியூர் விடுதியில் சேர்க்கத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உளர். அவர்தம் கவலை பொய்யன்று. ஆயினும் அந்த அறையில் ஒரு சுபத்ரா காத்திருக்கக்கூடும் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.