மௌனம் சம்மதமாகுமா? நோயாளரின் அந்தரங்கமும் மருத்துவ ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம்மவரிடையே வழங்கிவரும் பழமொழி. மணப்பேச்சு வேளையிற் பெண்ணின் மௌனத்துக்கு இவ்வாறு பொருள்கொண்ட சமுதாயம், அவளுக்குப் பேச வாய்ப்பிருந்ததா என்று பெரும்பாலும் கேட்டதில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மேலைநாடுகள் சிலவற்றின் சட்டங்களிலும் திட்டங்களிலும் இதே கருத்து இடம்பெறலாயிற்று. தமது நோய்க்குறிப்புகளைப் பிறர் பயன்படுத்துவதற்கு மறுப்புத் தெரிவிக்காதோர் அனைவரும் உடன்பட்டோரே என்பது அவற்றின் அடிப்படை. இக்கொள்கை ஐஸ்லாந்திலும் இங்கிலாந்திலும் அடைந்த கதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழில்வழி அறிந்த இரகசியத்தை மருத்துவர் வெளியிடலாகாது என்ற நெறி, கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் சத்தியவாக்கிலேயே இடம்பெற்றுள்ளது. இது நோயாளிக்குக் காட்டப்படும் சலுகையன்று, மருத்துவத்துக்கே இன்றியமையாதது. தான் கூறுவது வெளிவந்துவிடும் என்றஞ்சும் நோயாளி தன் பாலியல் நோயையோ மனநோயையோ மறைப்பான். மறைக்கப்பட்ட நோயைக் குணப்படுத்த எந்த மருத்துவராலும் இயலாது.

எனினும், ஒருவரது நோய்க்குறிப்பு பலரது நோய் தீர உதவும் என்பதும் மறுக்கவொண்ணாத உண்மையாகும். புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை உறுதிப்படுத்திய பிரித்தானிய ஆய்வு இதற்குத் தக்க சான்று. 1951 இல் றிச்சர்ட் டொல், பிராட்போர்ட் ஹில் ஆகிய இருவரும் தம் நாட்டு மருத்துவர்கள் ஏறத்தாழ 60,000 பேருக்கு வினாக்கொத்து அனுப்பினர். 40,000 பேருக்கு மேற்பட்டோர் விடையளித்தனர். மருத்துவர்களே ஆய்வுக்குரியோராக அமைந்தபோது, புகைப்பழக்கம் பற்றி அவர்களிடம் கேட்டே அறிந்துகொள்ளப்பட்டது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஐஸ்லாந்து வட அத்திலாந்திக்கிலுள்ள சிறு தீவு. 1998 இல் அதன் சனத்தொகை மூன்று இலட்சத்தையும் எட்டவில்லை. பல நூற்றாண்டுக்கால வமிசாவளிக் குறிப்புகளும் ஒழுங்கான மருத்துவப் பதிவேடுகளும் அங்கே பேணப்பட்டிருந்தன. பரம்பரை நோய்களை ஆராய்வோருக்கு இஃது ஒரு புதையல் எனலாம். 1996 இல் காரி ஸ்டெபான்சன் என்ற ஐஸ்லாந்து மருத்துவர் 'டிகோட்' என்னும் கம்பனியைத் தோற்றுவித்தார். 1998 பெப்ரவரியிற் சுவிற்சர்லாந்தின் ஹொப்மன்-லா றோச் மருந்துக் கம்பனி அதனுடன் 20 கோடி டொலர் வரை பெறுமதியான ஒப்பந்தம் செய்துகொண்டது. அவ்வாண்டு டிசம்பர் 17 ஆந் திகதி அல்திங் எனப்படும் பாராளுமன்றம் சுகாதாரத் தரவுத்தளச் சட்டத்தை நிறைவேற்றியது.

நாட்டு மக்கள் அனைவரினதும் மருத்துவப் பதிவுகளை ஒரே தளத்திற் திரட்டவும், அதனை ஒரு நிறுவனம் 12 ஆண்டுகள் வரை வணிக நோக்கிற் பயன்படுத்தவும் இச்சட்டம் வழிசெய்தது. 2000 இல் அவ்வுரிமம் டிகோட்டுக்கே கிடைத்தது. மக்களிடம் எழுத்துமூலச் சம்மதம் கோரப்படவில்லை. விரும்பாதோர் பொதுச் சுகாதாரப் பணிப்பாளருக்கு அறிவித்து விலகிக்கொள்ளலாம் என்பதே ஏற்பாடு. இறந்தோர் நிலை என்ன? அவர்கள் விலகவும் முடியாது. அவர்கள் சார்பிற் பிறர் விலக்கவும் முடியாது.

ஐஸ்லாந்து மருத்துவச் சங்கம் இச்சட்டத்தை எதிர்த்தது. உலக மருத்துவச் சங்கமும் அதற்கு ஆதரவளித்தது. 'மன்வெர்ன்ட்' என்ற அமைப்பு எதிர்ப்பியக்கம் நடத்தியது. ஏறத்தாழ 20,000 பேர் விலகினர். ஆயினும், சட்டத்தின் அத்திவாரத்தை அசைத்தது ஓர் இளம்பெண் தொடுத்த வழக்கேயாகும். இறந்துபோன தன் தந்தையின் பதிவுகளைத் தளத்திற் சேர்க்கலாகாது என அவர் கேட்டார், கோரிக்கை மறுக்கப்பட்டது. 2003 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. தந்தையின் உடற்கூறு பற்றிய குறிப்பிலிருந்து மகளின் பரம்பரை இயல்புகளையும் ஊகிக்க முடியுமாகையால், இதில் அவருக்கும் உரிமையுண்டு என நீதிமன்றம் கண்டது. அரசியலமைப்பு உறுதிசெய்யும் அந்தரங்க உரிமைக்குச் சட்டம் போதிய காப்பளிக்கவில்லை என்பதும் தீர்ப்பாயிற்று. இரத்த உறவென்பது தகவலுறவும் ஆகும் என்ற உண்மை இவ்வாறு சட்ட வரலாற்றில் இடம்பெற்றது.

தரவுத்தளம் ஒருபோதும் கட்டியெழுப்பப்படவில்லை. 2009 இல் வங்குரோத்தடைந்த டிகோட்டை 2012 இல் அமெரிக்காவின் அம்ஜென் கம்பனி வாங்கியது. ஆனால் ஆய்வு நின்றுவிடவில்லை. சம்மதம் பெற்றுத் தொண்டர்களைச் சேர்க்கும் வழியில் ஐஸ்லாந்தின் வயதுவந்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் அதிற் பங்குகொண்டனர். கேட்டால் மக்கள் தரமாட்டார்கள் என்ற வாதத்துக்கு இதைவிடத் தக்க மறுப்பு வேண்டியதில்லை.

இங்கிலாந்து இப்பாடத்தைக் கற்றதாகத் தெரியவில்லை. 2013 இல் அறிவிக்கப்பட்ட 'கெயர் டேட்டா' திட்டம், குடும்ப மருத்துவர்களின் பதிவுகளை ஒரு மத்திய தளத்திற் திரட்ட முனைந்தது. 2014 தொடக்கத்தில் வீடுதோறும் ஒரு துண்டுப்பிரசுரம் அனுப்பப்பட்டது. அதில் திட்டத்தின் பெயர் இல்லை. விலகுவதற்கான படிவமும் இல்லை. பெப்ரவரியில் நடந்த கருத்துக்கணிப்பில், அது கிடைத்ததாக நினைவுகூர்ந்தோர் மூவரில் ஒருவருக்கும் குறைவு. அம்மாதமே திட்டம் இடைநிறுத்தப்பட்டது. விலக விரும்பிய பல இலட்சம் பேரின் மறுப்பு உரிய காலத்திற் செயற்படுத்தப்படவில்லை என்பதும் 2015 இல் வெளியாயிற்று. டேம் பியோனா கல்டிகொட்டின் அறிக்கையைத் தொடர்ந்து 2016 யூலையில் திட்டம் கைவிடப்பட்டது. 2021 இலும் இதையொத்த ஒரு முயற்சி எழுந்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் விலகவே, அதுவும் ஒத்திவைக்கப்பட்டது.

ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்பது காலத்தையும் பணத்தையும் விழுங்கும் என்றும், வறியோரும் முதியோரும் விடுபட்டு ஆய்வு ஒருபக்கம் சாயும் என்றும் ஆய்வாளர் கூறுவர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், விடுபடக்கூடியோரை நாடிச்சென்று கேட்பதே அதற்குப் பரிகாரம், கேளாமலே எடுத்துக்கொள்வதன்று. மௌனத்துக்கு அறியாமை, அச்சம், நோயின் தளர்ச்சி, கைக்கெட்டாத துண்டுப்பிரசுரம் எனக் காரணங்கள் பல. அவற்றையெல்லாம் சம்மதம் எனக் கணக்கிட்ட திட்டங்கள் தரவையும் இழந்தன. மக்களின் நம்பிக்கையையும் இழந்தன. ஆதலின், நோயாளியிடம் முன்கூட்டியே, அவருக்கு விளங்கும் மொழியிற் கேட்பதும், அவர் மறுப்பின் அம்மறுப்பை மதித்து நடப்பதும் மருத்துவ ஆய்வுக்குத் தடையல்ல; அதன் நிலைபேற்றுக்கே அவை அடிப்படையாகும்.