கடைமடைக் குழாய்

வானூர் பக்கத்துல எங்க காலனிக்குக் கருப்புப் பைப்பு வந்தது 1980களில். சுருள் சுருளாக லாரியில வந்து இறங்கினதைப் பார்த்துட்டு எங்க ஆயா "இன்னாடா இது, மலைப்பாம்பு மாதிரி" ன்னுச்சி. அதுவரைக்கும் எங்களுக்குத் தண்ணின்னா கிணறு, அதுக்கப்புறம் அடிபம்பு. ஆயா காலத்துக் கிணத்துக்கதை வேற. ஊர்க்கிணத்து மேட்டுல ஏறக்கூடாது. கீழே குடத்தை வச்சிட்டு நிக்கணும். ஊர்ப்பொம்பளைங்க யாராவது சேந்தும்போது மனசு வந்தா ஊத்துவாங்க. மனசு வரலைன்னா உச்சி வெயில் வரைக்கும் நிக்கணும். ஊத்தும்போதும் அவங்க குடம் நம்ம குடத்துல படாது, தண்ணி மட்டும் மேலயிருந்து விழும். பாதி மண்ணுக்குப் போகும். "நாங்க குடிச்சதைவிட அந்தக் கிணத்தடி மண்ணு குடிச்சதுதாண்டா அதிகம்"ன்னு ஆயா சொல்லும்.

தண்ணீரைப் பற்றிய தலித் வரலாறு எழுதுகிறவர்கள் மகாத்தில் தொடங்குவார்கள். தொடங்க வேண்டியதுதான். 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஆனால் அதற்கு முன்பே, 1923லேயே, பம்பாய் சட்டசபை பொதுக்குளங்களைத் திறந்துவிடச் சொல்லித் தீர்மானம் போட்டிருந்தது. மகாத் நகராட்சியும் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. தாளில் குளம் திறந்துதான் கிடந்தது. குடித்ததும் அடிவிழுந்தது, வழக்குப் போட்டார்கள், பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொல்ல 1937 ஆனது. நம்ம சென்னை மாகாணத்துக் கதையும் இதேதான். 1924ல் சட்டசபையில் ரெட்டமலை சீனிவாசன் முயற்சியில் பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எல்லாவற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று தீர்மானம் வந்தது. அரசும் ஆணை போட்டது. எங்க ஆயாவுக்கு அந்த ஆணை வந்து சேரவே இல்லை.

அதற்குப் பதில் வந்து சேர்ந்தது வேறொன்று. 1920களிலிருந்து லேபர் டிபார்ட்மெண்ட் சேரிகளுக்குத் தனியாக மனை, தனியாகப் பள்ளிக்கூடம், தனியாகக் கிணறு என்று கொடுத்து வந்தது. ஊர்க்கிணத்துல ஏறினா கலவரம், தனிக்கிணறு வெட்டிக்கொடுத்தா அமைதி. அரசாங்கத்துக்கு எது சுலபம்? கிணறு வேண்டாம்னு நான் சொல்லவரலை. தாகத்துக்கு முன்னாடி கொள்கை பேசறவன் தாகம் அறியாதவன். ஆனா 'பொது' என்ற உரிமையைக் கேட்டோம், 'தனி' என்ற ஏற்பாடு கிடைத்தது. இந்த மாற்று எப்போது நடந்தது என்பதைக் கவனிக்காமல் விட்டால், பிறகு வந்த அடிபம்பும் டேங்கும் பைப்பும் ஏன் இப்படி இருக்கு என்று புரியாது.

இந்தியா மார்க் 2 என்ற அந்த உறுதியான அடிபம்பு 1970களில் உருவானது. யுனிசெப் உதவியோடு கோயமுத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்த்து, சென்னைத் தொழிற்சாலையில் செய்தார்கள். உலகமே அதைப் பார்த்து வாங்கியது. எங்க காலனிக்கு அது வந்தபோது நைனாவுக்குத் தலைகால் புரியலை. யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, கைப்பிடியை அழுத்தினா தண்ணி. அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் அதுவும் தனியாகப் போட்ட போரிங்குதான்.

குழாய்த்திட்டம் வந்தபோதுதான் முதல்முறையாக ஊருக்கும் சேரிக்கும் ஒரே தண்ணீர் என்றானது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971 ஏப்ரல் 14ஆம் தேதி உருவானது. நாள் தற்செயல்தான், இருந்தாலும் எனக்கு அதை நினைத்தால் ஒரு சிரிப்பு. ஒரு டேங்கு, ஒரு மோட்டார், ஒரு மெயின் லைன். கிணத்து மேட்டில் நிற்கவைக்கிற சாதி இங்கே என்ன செய்யும்? பூமிக்கு அடியில் போய்விட்டது. டேங்கு ஊர்த்தெருவில். லைன் முதலில் ஊரைச் சுற்றும், கடைசியில் காலனிக்கு வரும். கடைமடைக்காரனுக்கு ஏரித்தண்ணி எப்படியோ அப்படித்தான். மேலே இருக்கிற வீடுகள் அடைத்துக்கொண்டு பிடித்து முடித்தால்தான் அழுத்தம் எங்களுக்கு. வால்வைத் திறக்கிறவர், மூடுகிறவர் யார், எந்த நேரத்துக்கு என்பதும் சாதிக்கணக்குதான். 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச்சட்டத்தில் ஆறு, ஊற்று, கிணறு, குளத்தோடு தண்ணீர்க் குழாயும் எழுதப்பட்டிருக்கிறது. குழாயை நீ தொடக்கூடாது என்று ஒருவன் சொன்னால் குற்றம். இங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லையே. குழாய் எங்க தெருவிலேயே இருக்கு, காலையிலயும் சாயங்காலமும் தொட்டுத்தொட்டுப் பார்க்கலாம். தண்ணிதான் வராது.

இப்போது பைப்புக்கு வருகிறேன். பாலித்தீன் 1933ல் இங்கிலாந்தில் ஒரு சோதனைச்சாலையில் தற்செயலாகக் கிடைத்த பொருள். கெட்டியான வகையை 1953ல் ஜெர்மனியில் சீக்ளர் என்பவர் கண்டுபிடித்தார். வெயில் தின்னாமல் இருக்கக் கரித்தூள் சேர்ப்பதால்தான் கருப்பு. துரு பிடிக்காது. கழுவெளி ஓரமும் கடலோரமும் உப்புக்காற்றில் இரும்புப் பைப்பு அரித்துப்போகிற எங்க பக்கத்துக்கு இது வரம். ஆனால் ஒரு சங்கடம்: பிவிசி மாதிரி பசை தடவி ஒட்ட முடியாது, எந்தப் பசையும் இதில் பிடிக்காது. பெரிய பைப்பைச் சூட்டுத்தட்டு வைத்து உருக்கி ஒட்டுவார்கள், அதற்கு மிஷினும் கரண்டும் வேணும். எங்க காலனியில என்ன செஞ்சாங்க? வைக்கோலைக் கொளுத்தி பைப்பு முனையை இளக்கி, இரும்புக்குழாய்த் துண்டு மேல ஏத்தி, கட்டுக்கம்பியால இறுக்கி, மேல சைக்கிள் டியூபைச் சுத்தினாங்க. ஒரு வாரம் நிக்கும். அப்புறம் ஒழுகும்.

ஒழுகுவது வெறும் தண்ணி வீணாவது இல்லை. எங்க லைனுல தண்ணி விட்டுவிட்டுத்தான் வரும். மோட்டார் நின்னதும் பைப்புக்குள்ள அழுத்தம் போயிடும், சில நேரம் உள்ளே உறிஞ்சும். ஜாயின்ட் கிடக்கிற பள்ளத்தில் சாக்கடை நின்னா அது உள்ளே போகும். மறுநாள் முதல் குடத்துல வருவது அதுதான். லைனின் கடைசியில் இருப்பவன் எல்லா ஜாயின்ட்டின் அழுக்கையும் சேர்த்துக் குடிக்கிறான். ஒரு மழைக்காலத்துல என் சின்னம்மா மகனுக்கு வாந்திபேதி. மூணு நாள். பிழைச்சிட்டான். எங்க தெருவுல எல்லாரும் பிழைக்கலை.

கம்ப்ரஷன் ஃபிட்டிங் என்கிற திருகு ஜாயின்ட்டை நான் முதலில் பார்த்தது திண்டிவனத்தில் ஒரு கடையில். நெருப்பு வேண்டாம், பசை வேண்டாம், கரண்டு வேண்டாம். ஒரு நட்டு, உள்ளே பல்லு வச்ச பிளந்த ரிங்கு, ஒரு புஷ், ஒரு ரப்பர் ரிங்கு. நட்டை முடுக்க முடுக்க ரிங்கு பைப்பைக் கவ்வும். பைப்பை யாராவது இழுத்தா இன்னும் இறுக்கும். இதில் வித்தை ஒன்றுமில்லை, பொறுமைதான். பைப்பை ஆக்சா பிளேடால் நேராக அறுக்கணும். எங்க ஆளுங்க அவசரத்துல அரிவாளால போடுவாங்க, வெட்டு சாய்ஞ்சிடும். அறுத்த வாயில் இருக்கிற பிசிறைச் சுரண்டி, வெளி விளிம்பைக் கொஞ்சம் சாய்வாகச் சீவணும், இல்லைன்னா உள்ளே போகும்போதே ரப்பரை வெட்டிடும். எவ்வளவு ஆழம் போகணும்னு முதலிலேயே சாக்பீஸால் கோடு போட்டுக்கணும். ரப்பர் கிட்ட வந்ததும் ஒரு தடங்கல் தெரியும். எல்லாரும் அங்கேயே நிறுத்திட்டு நட்டை முடுக்குவாங்க. கோடு மறையற வரைக்கும் திருகித் தள்ளணும். ரிங்கைத் திருப்பிப் போட்டா இழுத்தா கையோட வந்துடும். எங்க செம்மண் ஒரு துகள் ரப்பர் மேல ஒட்டினாலும் ஒழுகும், ஆகவே குடத்துத் தண்ணியால கழுவிட்டுத்தான் மாட்டணும். இன்னொண்ணு, கடையில விக்கிற மெல்லிய ஓஸை உள்வாய் அளவுல அங்குலம்னு சொல்லுவாங்க. ஃபிட்டிங்கோ வெளிவாய் அளவு, மில்லிமீட்டர். அளந்து பாக்காம வாங்கினா காசு போச்சு.

வெயிலில் நீண்டு கிடக்கிற பைப்பை இழுத்து நேராகப் புதைத்தால் ராத்திரியில் சுருங்கும். 100 மீட்டருக்கு 10 டிகிரி குறைந்தால் சுமார் 15லிருந்து 20 சென்டிமீட்டர் சுருங்கும், ஜாயின்ட் கழண்டுடும். பாம்பு மாதிரி வளைச்சு விட்டுப் புதைக்கணும். ஆயா சொன்ன மலைப்பாம்பு சரிதான்.

இதையெல்லாம் நாங்களே கத்துக்கிட்டோம், ஏன்னா ஃபிட்டர் வரமாட்டார். ஊர்ப்பக்கம் உடைஞ்சா அன்னிக்கே வருவாரு, காலனின்னா "பொருள் இல்ல". நானும் என் தம்பியும் ஆக்சா பிளேடும் நாலு கப்ளிங்கும் வச்சிக்கிட்டு எங்க தெருவை ஒரே வாரத்துல சரிபண்ணினோம். ஆனா எங்க தெருவுக்கு வெளியே? ஊர்த்தெருவுல எங்க லைன் ஒழுகுச்சி. குழி வெட்டப் போனோம். "யாரைக் கேட்டு வெட்டற?" பொதுச்சாலை. 1924லேயே திறந்துவிட்ட சாலை! மண்வெட்டியைப் பிடுங்கி வச்சிட்டாங்க. அப்ப எனக்குத் தெரிஞ்சது, அறிவு கையில இருந்தாலும் மண்ணு கையில இல்லைன்னு. ஒரு மாசம் கழிச்சுத்தான் அந்த ஜாயின்ட்டை ஊராட்சி ஆளு வந்து பாத்தாரு, அதுவும் கட்டுக்கம்பி வச்சு.

இந்தச் சண்டைக்குப் பிறகு காலனியில ரெண்டு கட்சி. எங்களுக்குத் தனி டேங்கு கேட்போம்னு ஒண்ணு. கூடாது, அதே டேங்குல எங்க லைனை முதல்ல இணைக்கச் சொல்லுவோம்னு ஒண்ணு. நான் ரெண்டாவது கட்சி. தனி டேங்குக் கட்சியில் இருந்தது பெரும்பாலும் பெண்கள், குடம் தூக்குகிறவர்கள். "உனக்குச் சமத்துவம், எனக்கு இடுப்பு வலி"ன்னு சின்னம்மா என்னைப் பார்த்துச் சொன்னாங்க. அதுக்கு நல்ல பதில் இன்னும் என்கிட்ட இல்லை.

தனி டேங்கு என்ன ஆகும் என்பதை 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பார்த்தோம். தலித் மக்களுக்கான 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. குடித்த பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போய்தான் விஷயமே தெரிந்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகையில் பேர் வந்தது அந்த மக்களிலேயே மூன்று பேருக்கு. ஊர் மக்களும் பல கட்சிகளும் அதை ஏற்கவில்லை. தனித்தொட்டி என்றால், யாருடைய தொட்டி என்று தூரத்திலிருந்தே தெரியும். பொதுத்தொட்டியில் எவனும் கை வைக்க யோசிப்பான், அவன் பிள்ளையும் அதைத்தானே குடிக்கணும்.

2019ல் ஜல் ஜீவன் வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், வீட்டுக்கு வீடு குழாய். எங்க வீட்டு வாசலிலும் ஒண்ணு நிக்குது. இணைப்பு கொடுத்ததாகக் கணக்கு ஏறிவிட்டது. அந்த லைனும் ஊரைச் சுற்றித்தான் வருது.

போன வாரம் சின்னம்மா பேத்தி வந்து கூப்பிட்டா. வாசல்குழாய்க்குப் போற பைப்புல நட்டுக்கிட்ட சொட்டுது. நான் போறதுக்குள்ள அவளே கழட்டி வச்சிருந்தா. ரப்பர் ரிங்கைக் கையில வச்சிக்கிட்டு, "இதுல வெட்டு இருக்கு மாமா, யாரோ பிசிறு எடுக்காம சொருகியிருக்காங்க"ன்னா. புது ரிங்கு மாட்டினோம். அப்புறம் ரெண்டு பேரும் குழாயைத் திறந்து வச்சிட்டு மோட்டார் போடறதுக்குக் காத்துக்கிட்டு உக்காந்தோம்.