பரம்பரை வீக்க நோய்: சிகிச்சையின் வரலாறு

உதடு, கண்ணிமை, கை, குடல், தொண்டை ஆகிய இடங்களில் திடீரென வீக்கம் தோன்றி, சில நாட்களில் தானே வடியும் அரிய நோய் பரம்பரை ஆஞ்சியோஎடிமா. இதில் அரிப்போ தடிப்போ இருக்காது. குடல் வீங்கினால் கடும் வயிற்றுவலி வரும். குடல்வால் அழற்சி என்று தவறாகக் கருதி வயிற்றைக் கிழித்துப் பார்த்ததும் உண்டு. தொண்டை வீங்கினால் மூச்சு அடைத்து உயிர் போகலாம்.

1882இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் குவிங்கே இத்தகைய வீக்கத்தை விவரித்தார். 1888இல் வில்லியம் ஆஸ்லர், ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறைகளில் அது தொடர்வதைப் பதிவுசெய்தார். காரணம் தெரிய மேலும் 75 ஆண்டுகள் ஆயின. 1963இல் வர்ஜீனியா டொனால்ட்சனும் ரிச்சர்ட் எவன்ஸும் சி1 தடுப்பான் என்ற இரத்தப் புரதத்தின் குறைபாடே மூலம் எனக் காட்டினர். அது குறையும்போது பிராடிகினின் என்ற வேதிப்பொருள் பெருகி, நுண்குழாய்களிலிருந்து நீர் திசுக்களுக்குள் கசிகிறது. ஒவ்வாமைக்குத் தரும் ஆன்டிஹிஸ்டமின், ஸ்டீராய்டு, அட்ரினலின் ஆகியவை இங்கே பலன் தராததும் இதனால்தான்.

1976இல் டனசோல் மாத்திரை வீக்கத் தாக்குதல்களைத் தடுப்பது நிறுவப்பட்டது. ஆனால் அது ஆண் ஹார்மோன் சார்ந்தது. பெண்களுக்கு முகத்தில் முடி வளர்வது, கல்லீரல் பாதிப்பு போன்ற பக்கவிளைவுகள் இருந்தன. பின்னர் இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த சி1 தடுப்பானே மருந்தானது. 2008இல் ஐரோப்பா அனுமதித்த இகாட்டிபன்ட், பிராடிகினின் ஏற்பியை அடைக்கிறது. 30 மில்லிகிராம் ஊசியை நோயாளியே வயிற்றுத் தோலுக்கடியில் போட்டுக்கொள்ளலாம். 2018இல் லனடெலுமாப் ஊசியும், 2020இல் பெரோட்ரால்ஸ்டாட் மாத்திரையும் அமெரிக்காவில் தடுப்பு மருந்துகளாக அனுமதி பெற்றன.