இரு கோட்டைகளுக்கு இடையே ஒரு சாலை

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை வாயிலிலிருந்து பத்மநாபபுரம் கோட்டை வரை ஏறத்தாழ 55 கிலோமீட்டர். கடினமான ஏற்றம் எதுவும் இல்லை. சிறு மேடுகளும் இறக்கங்களுமாக நீளும் வழி. விடியலுக்கு முன் புறப்பட்டால், அதிகப் பயிற்சி இல்லாதவரும் நண்பகலுக்குள் மிதிவண்டியில் சென்றடையலாம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவ்வாறே சென்றேன்.

இவ்வழியில் தெற்கு நோக்கிச் செல்பவர் காலத்தில் பின்னோக்கிச் செல்கிறார். 1795-இல் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது. புதிய தலைநகரில் தொடங்கும் பயணம் பழைய தலைநகரில் முடிகிறது. இரு முனைகளிலும் உள்ள கோட்டைகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அவற்றை இணைக்கும் சாலைக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்று எளிதாகத் தோன்றும் இச்சாலை யாருக்கு எளிதாக இருந்தது என்பதே அவ்வரலாற்றின் மையக் கேள்வி.

கரமனை, நேமம் ஆகிய ஊர்களைக் கடந்தால் பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயரைத் தாங்கிய ஊர். அவருடைய காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் நெசவாளர்கள் இங்கே குடியமர்த்தப்பட்டனர். கசவுக் கரையிட்ட வேட்டிக்கும் சேலைக்கும் இன்றும் பெயர்பெற்ற ஊர் இது. கேரளத்தின் அடையாளமாகக் கருதப்படும் ஆடைக்குப் பின்னால் தமிழ்க் கைகளின் உழைப்பும் இருக்கிறது.

பாலராமபுரத்திலிருந்து விழிஞ்ஞம் செல்லும் கிளைச் சாலையில் உள்ளது வெங்ஙானூர். 1863-இல் அய்யன்காளி பிறந்த ஊர். பொதுச் சாலைகள் எல்லாச் சாதியினருக்கும் உரியவை எனத் திருவிதாங்கூர் அரசு 1865-லேயே அறிவித்திருந்தது. அறிவிப்பு ஏட்டில் இருந்தது, சாலையில் இல்லை. 1893-இல் அய்யன்காளி வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து, வில்வண்டியில் ஏறி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த சாலையில் சென்றார். அதன் பின்னர் ஆறாலுமூடு சந்தையை நோக்கி அவரும் தோழர்களும் நடந்தபோது, பாலராமபுரம் சாலியர் தெருவில் வழிமறிக்கப்பட்டனர், கைகலப்பு நடந்தது. அதே ஆறாலுமூட்டைத்தான், இளநீர் குடிப்பதற்காகக்கூட நிற்காமல், சில நிமிடங்களில் நான் கடந்து சென்றேன்.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' எனப்படும் பழைய பலாமரத்தின் எச்சம் பாதுகாக்கப்படுகிறது. எட்டுவீட்டில் பிள்ளைமாரிடமிருந்து தப்பிய இளவரசர் மார்த்தாண்டவர்மா இதன் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது மரபுவழிச் செய்தி. அரசரும் ஒரு காலத்தில் இச்சாலையில் அஞ்சி ஒளிந்தவரே. ஆனால் அவருடைய அச்சம் சில ஆண்டுகளில் தீர்ந்தது. பிறப்பினாலேயே விலகி நடக்க வேண்டியிருந்தவர்களின் அச்சம் தலைமுறைகளுக்கு நீண்டது. அருகிலுள்ள அருவிப்புறத்தில் 1888-இல் நாராயண குரு சிவலிங்கத்தை நிறுவியதையும் இத்துடன் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

களியக்காவிளையில் மாநில எல்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீசுவரம், தோவாளை ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது. பேச்சு உடனே மாறுவதில்லை. சற்றுத் தொலைவில் மார்த்தாண்டம். அந்த இணைப்பைக் கோரிய போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூடு நடந்த ஊர்களுள் ஒன்று.

தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் மார்த்தாண்டவர்மாவின் படையையே பயிற்றுவித்தார், இக்கோட்டையை வலுப்படுத்தினார். 1777-இல் மறைந்த அவருடைய கல்லறை கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. கல்லில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன.

இறுதியாகப் பத்மநாபபுரம் அரண்மனை. நிலம் தமிழ்நாட்டில்; பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம். மரவேலைப்பாட்டையும் கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையையும் பார்த்து வியக்காதவர் இல்லை. ஆனால் இதைச் சூழ்ந்த ஊர்களில்தான் நாடார் பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினர். 1859 ஜூலை 26 அன்று வந்த அரச அறிவிப்பு அவ்வுரிமையை அளித்தது; எனினும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையை விடவில்லை. சுற்றுலாப் பயணியின் கண்ணுக்குத் தரையின் பளபளப்பு படுகிறது. இந்த அறிவிப்பு படுவதில்லை.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய தெய்வங்கள் இதே சாலையில் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றன. இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செய்கின்றனர். எல்லை மாறியபோதும் அவ்வழி அடைபடவில்லை. தெய்வங்களுக்கு என்றுமே திறந்திருந்த அச்சாலை எல்லா மனிதர்களுக்கும் திறக்க நெடுங்காலம் ஆயிற்று.

வாய்ப்புள்ள நண்பர்கள் ஒருமுறை இவ்வழியே மிதிவண்டியில் செல்லுங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆறாலுமூட்டில் மட்டும் சற்று நின்று செல்லுங்கள். நான் நிற்கத் தவறிய இடம் அது.