அமிலத்தின் இடத்தில் நீர்

ஒளியுணர் பாலிமர் தகட்டில் எடுக்கப்படும் குழிவச்சு முற்றிலும் புதியதொரு முறை எனக் கருதப்படுகிறது. வரலாறு வேறு கூறுகிறது. 1852-இல் இங்கிலாந்தின் டால்பட் காப்புரிமை பெற்ற முறையில், பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த ஜெலட்டின் படலம் ஒளிபட்ட இடங்களில் இறுகியது. இறுகாத இடங்களின் வழியே அரிப்புக் கரைசல் உலோகத்தைக் குழித்தது. 1879-இல் வியன்னாவில் காரெல் கிளிச் இதனைச் செம்மைப்படுத்தினார்.

எழுத்தச்சுத் தொழிலுக்கென உருவான பாலிமர் தகட்டை 1970-களில் அமெரிக்கக் கலைஞர் டான் வெல்டன் குழிவச்சுக்குப் பயன்படுத்தினார். அதிலும் புறஊதா ஒளி இறுக்குகிறது; இறுகாத பகுதி வெறும் நீரில் கரைந்து, மை தங்கும் குழியாகிறது. ஆக, ஒளியின் பணி மாறவில்லை. அமிலமும் குரோமிய நஞ்சும் பட்டறையை விட்டு நீங்கியதே உண்மையான மாற்றம். அச்சுக்கலை வரலாற்றைப் படங்களைக் கொண்டு மட்டுமே எழுதினால், அவற்றை அச்சிட்டோரின் நுரையீரல் அதில் இடம்பெறாமலே போகும்.