பாட்டி மறைத்த பூர்வீகம்

மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகரான பேர்த்தில் 1951ஆம் ஆண்டு பிறந்தவர் சாலி மோர்கன். பாடசாலையிலே சக மாணவர்கள், நீங்கள் எந்த நாட்டவர் என்று கேட்கத் தொடங்கியபோது அக்கேள்வியை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்தார். இந்தியர் என்று சொல்லும்படி தாய் கூறினார். பிள்ளைகளும் அதை நம்பி அவ்வாறே சொல்லித் திரிந்தார்கள்.

தமிழ் நேயர்கள் இவ்விடத்திற் சற்றுத் தரித்து நிற்க வேண்டும். 1901ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தினால் ஆசிய மக்களுக்குக் கதவடைத்த நாடு அது. வேண்டாதவர்களுக்குத் தெரியாத மொழியொன்றிற் சொல்வதெழுதல் சோதனை வைத்து, தோற்கடித்துத் திருப்பியனுப்பும் ஏற்பாடு 1958 வரை அங்கு இருந்தது. அப்படிப்பட்ட மண்ணில் இந்தியர் என்பதே பாதுகாப்பான பொய்யாக இருந்ததென்றால், மறைக்கப்பட்ட உண்மை எத்துணை ஆபத்தானதாக இருந்திருக்க வேண்டும்!

அந்த உண்மை சாலிக்குப் பதினைந்து வயதளவில் வெளிப்பட்டது. பாட்டி டெய்சி ஒருநாள் அழுதபடி தமது கையின் நிறத்தைக் காட்டி, தாம் கறுப்பி என்றார். அவர் அவுஸ்திரேலிய ஆதிக்குடியைச் சேர்ந்தவர். வடக்கே பில்பரா பிரதேசத்துக் கொருண்ணா டவுன்ஸ் என்ற கால்நடைப் பண்ணையிலே பிறந்து, பண்ணை உரிமையாளரின் குடும்பத்துக்குப் பணிப்பெண்ணாக உழைத்தவர்.

அவர் ஏன் மறைத்தார்? வெட்கத்தினால் என்று சொல்வது எளிது. அது பாதி உண்மையே. மேற்கு அவுஸ்திரேலியாவின் 1905ஆம் ஆண்டு ஆதிக்குடிகள் சட்டம், பதினாறு வயதுக்குட்பட்ட ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கும் கலப்புப் பிள்ளைகளுக்கும் தலைமைப் பாதுகாவலர் என்ற அரசாங்க அதிகாரியைச் சட்டபூர்வப் பாதுகாவலர் ஆக்கியது. பெற்ற தாய் உயிரோடிருந்தும் பிள்ளை அரசாங்கத்தின் பிள்ளை! 1915 முதல் 1940 வரை அந்நிர்வாகத்தின் தலைமையில் இருந்த ஏ. ஓ. நெவில், கலப்புப் பிள்ளைகளைப் பிரித்து வளர்த்தால் சில தலைமுறைகளில் அவர்கள் வெள்ளையருள் கரைந்துவிடுவர் என்று நம்பியவர். 'பாதுகாவலர்' என்ற பெயரை அப்பதவிக்கு இட்டவர்களின் சொல்வன்மையைத் தமிழாசிரியனாகிய நான் வியவாதிருக்க முடியவில்லை.

டெய்சியின் மகள் கிளாடிஸ் சிறுவயதிலேயே பார்க்கர்வில் சிறுவர் இல்லத்தில் விடப்பட்டார். டெய்சியின் தமையன் ஆர்தரும் பிள்ளைப் பிராயத்திலேயே மிஷன் ஒன்றுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் அங்கிருந்து ஓடிப்போனவர். ஆகவே, சாலியின் தந்தை இறந்தபின் தாயும் பாட்டியும் நடுங்கியதில் வியப்பில்லை. பூர்வீகம் தெரிந்தால் ஐந்து பிள்ளைகளையும் கொண்டு போய்விடுவார்கள் என்பதே அவர்களது அச்சம். எங்கள் ஊர்களிலும் பாட்டன் பூட்டன் பெயர் வந்ததும் பேச்சை மாற்றும் வீடுகள் உண்டு. ஆனால் பிள்ளையைக் காப்பதற்காகப் பிள்ளையிடமே பொய் சொன்ன வீடு இது.

சாலி விடவில்லை. ஒலிப்பதிவுக் கருவியுடன் ஆர்தரிடம் அமர்ந்து அவர் வாழ்க்கையைப் பதிந்தார். தாயுடன் வடக்கே பயணஞ்செய்தார். அங்கே முதியவர்கள் பாட்டியை நினைவில் வைத்திருந்ததோடு, தங்கள் உறவுமுறையின்படி இவர்கள் எந்தப் பிரிவினர் என்பதையும் எடுத்துரைத்தார்கள். பேர்த்தில் மறைத்துவைத்த உறவு அங்கே ஊரறிந்த சங்கதி.

இவற்றையெல்லாம் கொண்டு 1987இல் வெளியான 'மை பிளேஸ்' என்ற நூல் இலட்சக்கணக்கிலே விற்றது. டெய்சியின் தந்தை பண்ணை உரிமையாளரே என்ற அதன் கூற்றை அக்குடும்பத்தினர் மறுத்தனர். 2001இல் மறுப்பு நூலும் வந்தது. பதிவேட்டை எழுதும் அதிகாரம் ஒரு தரப்பிடம் மாத்திரம் இருந்த இடத்தில், மறுதரப்பின் வாய்மொழியையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பதே என் எண்ணம். பிரிக்கப்பட்ட பிள்ளைகள் பற்றிய விசாரணை அறிக்கை 1997இல் வெளிவந்தது. 2008 பெப்ருவரி 13இல் பிரதமர் கெவின் றட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

டெய்சி நூல் வெளிவருமுன்பே, 1983இல், இறந்துவிட்டார். கடைசி நாட்களில் நோயுற்றிருந்தபோதுதான் தமது கதையைச் சொல்ல இசைந்தார். அதுவும் முழுமையாக அன்று. பேத்தி எவ்வளவு கேட்டும் சிலவற்றைச் சொல்ல மறுத்து, அவற்றைத் தம்மோடு கொண்டு போனார்.