உபாத்தியாயரை உருவாக்கிய சிறு கலாசாலைகள்

ஒரு குடும்பத்தில் பிள்ளையோ பெண்ணோ பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவுடன் பெற்றோர் கலந்து யோசிப்பன இரண்டு. மேற்கொண்டு எத்தொழிலுக்கு அனுப்புவது என்பது ஒன்று. அதற்கான பொருளை எங்கே தேடுவது என்பது மற்றொன்று. உபாத்தியாயர் தொழில் முதல் வினாவுக்கு நல்ல விடையே எனினும், இரண்டாவது வினாவிலேயே பல குடும்பங்கள் தடுக்கி நின்றுவிடுகின்றன. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்விரண்டையும் ஒருங்கே தீர்க்க எண்ணி எழுந்தவை, இன்று கம்யூனிடி காலேஜ் என வழங்கும் சமூகக் கலாசாலைகளாம். அவை எவ்வாறு தோன்றின, உபாத்தியாயரை ஆக்கும் பணி அவற்றின் கையில் எவ்வாறு வந்து, போய், மீண்டும் வந்தது என்னும் சரித்திரத்தை நம் சங்கத்துக் குடும்பத்தார் அறிவது பயனுடைத்தாமென்று கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

அந்நாட்டில் கற்பிப்போருக்கும் கற்பித்தல் வேண்டுமென்று முதலில் அரசாங்கத்தார் ஒப்புக்கொண்டது மாஸசூஸெட்ஸ் மாகாணத்திலாகும். அங்கே 1837-ம் வருஷத்தில் கல்விச் சபையின் முதற் காரியதரிசியாக அமர்ந்தவர் ஹோரேஸ் மான் என்பவர். 1838-ம் வருஷத்தில் எட்மண்ட் டுவைட் என்னும் வணிகர், அரசாங்கம் அதே தொகையைப் போடுமாயின் தாம் 10,000 டாலர் தருவதாக வாக்களித்தார். சட்டசபையாரும் இசைந்தனர். செல்வர் ஒருவர் தனியே தருமஞ் செய்து தம் பெயரைக் கல்லில் வெட்டுவதைக் காட்டிலும், அரசாங்கத்தைத் தம்முடன் சரிபாதி போடச் செய்தது மிக்க சாதுரியமான காரியமென்றே நான் கருதுகிறேன்.

அப்பொருளைக்கொண்டு 1839-ம் வருஷம் ஜூலை மாதம் 3-ந் தேதி லெக்ஸிங்டன் என்னும் சிற்றூரில் பாடசாலை திறக்கப்பெற்றது. அன்று வந்து சேர்ந்த மாணாக்கியர் மூவரே. தலைமையாசிரியர் சைரஸ் பியர்ஸ் என்பவர் பாடஞ் சொல்லுதல் முதல் கட்டிடத்தைக் காத்தல் ஈறாக யாவற்றையும் தாமே செய்தார். சில மாதங்களில் அதனுடன் மாதிரிப் பாடசாலையொன்றும் இணைக்கப்பெற்றது. அங்கே மாணாக்கியர் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லுவர்; பியர்ஸ் அதனைப் பார்த்திருந்து குணதோஷங்களை எடுத்துரைப்பார். வேலைப் பளுவால் உடல் நலங்குன்றி 1842-ல் அவர் விலகவேண்டி வந்தது. எனினும் 1844-ல் திரும்பி வந்து அப்பணியையே மேற்கொண்டார். மூவருடன் தொடங்கிய அப்பாடசாலை இருமுறை ஊர் மாறி, இந்நாளில் பிராமிங்ஹாம் நகரத்து அரசாங்கச் சர்வகலாசாலையாக விளங்குகின்றது.

இத்தகைய பாடசாலைகளுக்கு நார்மல் ஸ்கூல் என்பது பெயர். பிரெஞ்சு நாட்டு வழக்கிலிருந்து வந்த இச்சொல், மற்றப் பள்ளிகளுக்கு அளவுகோலாய் நிற்பது என்னும் பொருளது. இப்பெயர் நமக்கும் புதிதன்று. சென்னையில் 1856-ம் வருஷத்தில் ஏற்பட்ட அரசாங்க நார்மல் பாடசாலையே பிற்காலத்தில் சைதாப்பேட்டைக்குச் சென்று ஆசிரியர் கலாசாலையாயிற்று.

நிற்க. நார்மல் பாடசாலையின் கதையில் நம் போன்ற சங்கத்தார் ஊன்றிப் படிக்கவேண்டிய ஏடு அலபாமா மாகாணத்து டஸ்கீகி என்னும் ஊரினது. அடிமைத்தளையினின்று 1865-ல் விடுபட்ட நீக்ரோ மக்களுக்கு எழுத்தறிவிப்பார் இலர். அவ்வூரிலிருந்த லூயிஸ் ஆடம்ஸ் என்னும் முன்னாள் அடிமை, தகரவேலை முதலிய கைத்தொழில்களில் வல்லவர். தேர்தலில் நின்ற வெள்ளையர் ஒருவர் தம்மினத்தார் வாக்குகளை வேண்டி அவரை அணுகியபோது, ஆடம்ஸ் தமக்கென ஒன்றும் கேட்டாரில்லை. தம் மக்களுக்கு உபாத்தியாயர் பாடசாலையொன்று வேண்டுமென்றே கேட்டார். அதன் பயனாய்ச் சட்டசபை வருஷத்துக்கு 2,000 டாலர் ஒதுக்கிற்று. அதுவும் ஆசிரியர் சம்பளத்துக்கு மாத்திரமே. நிலத்துக்கும் கட்டிடத்துக்கும் ஒரு காசுமில்லை.

1881-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி, புக்கர் வாஷிங்டன் என்னும் இளைஞர், தாமும் அடிமையாய்ப் பிறந்தவர், 30 மாணாக்கர்களுடன் அப்பாடசாலையைத் தொடங்கினார். வந்தவருட் பலர் முன்னரே ஏதோ அறிந்தமட்டில் கிராமப் பள்ளிகளில் கற்பித்துக்கொண்டிருந்தவர்கள். சிலர் நாற்பது பிராயத்தை நெருங்கியவர்கள். செங்கல்லை மாணாக்கரே அறுத்துச் சூளையிட்டுச் சுட்டனர். முதல் மூன்று சூளைகளும் பாழாயின. கைப்பொருளின்றித் தம் கடிகாரத்தை அடகு வைத்து வாஷிங்டன் நான்காவது சூளைக்குப் பணந்தேடினார் என்பது அவரே எழுதி வைத்த செய்தி. கைத்தொழிற் கல்வியையே அவர் அளவுக்கு மிஞ்சி வற்புறுத்தினார் என்று அவர் இனத்து அறிஞரே பின்னர்க் குறை கூறியதுண்டு; அக்குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் அலபாமாவின் கிராமப் பள்ளிகளுக்கு உபாத்தியாயர்கள் அங்கிருந்து புறப்பட்டனர் என்பதில் ஐயமில்லை.

இனி, சமூகக் கலாசாலையின் பிறப்புக்கு வருவோம். 1892-ல் திறக்கப்பெற்ற சிக்காகோ சர்வகலாசாலையின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், பட்டப் படிப்பின் நான்கு வருஷங்களை இரண்டிரண்டாகப் பகுத்து, முற்பகுதிக்கு ஜூனியர் காலேஜ் என்றும் பிற்பகுதிக்கு ஸீனியர் காலேஜ் என்றும் பெயரிட்டார். முற்பகுதியைச் சிற்றூர்களிலேயே கற்பிக்கலாமே என்பது அவர் கருத்து. அவருடைய நண்பர் ஸ்டான்லி பிரௌன் என்பார் ஜோலியட் என்னும் ஊரில் ஹைஸ்கூலின் அதிகாரியாயிருந்தார். 1901-ம் வருஷத்தில் அந்த ஹைஸ்கூலிலேயே ஆறு மாணாக்கருடன் மேல்வகுப்பு ஆரம்பமாயிற்று. இன்றும் நடைபெறும் பொது ஜூனியர் கலாசாலைகளுள் இதுவே மூத்தது. கலிபோர்னியா மாகாணத்தில் 1907-ல் காமினெட்டி என்னும் சட்டசபை அங்கத்தினர் கொணர்ந்த சட்டம், ஹைஸ்கூல்கள் இத்தகைய வகுப்புகளை நடத்த வழிவிட்டது; 1910-ல் பிரெஸ்னோ நகரம் முதலில் முன்வந்தது. மறு வருஷம் அங்கே நார்மல் பாடசாலையும் தோன்ற, 1921-ல் இரண்டும் ஒன்றாகி உபாத்தியாயர் கலாசாலையாயின.

அக்காலத்தில் ஆரம்பப் பள்ளியில் கற்பிக்கப் பல மாகாணங்களில் பட்டம் கேட்கப்படவில்லை. ஹைஸ்கூலுக்குமேல் ஓரிரு வருஷப் படிப்பிருப்பின் அத்தாட்சிப் பத்திரம் கிடைக்கும். ஆகவே ஜூனியர் கலாசாலைகள் தாமே உபாத்தியாயரை ஆக்கி அனுப்பின. குடியானவர் வீட்டுப் பெண்கள் வெளியூரில் வாடகை கொடுத்துத் தங்காமல், தாய் சமைத்ததை உண்டு, இரண்டு வருஷங் கற்று, அண்டை ஊர்ப் பள்ளியிலே அமர்ந்தனர். பெண்மக்களுக்குக் கௌரவமான சம்பளத் தொழில் வேறு அதிகமில்லாத நாளில் இது எத்துணைப் பெரிய வாயில் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இவ்வாயில் மெல்ல அடைபட்டது. ஆசிரியர்க்கு நான்கு வருஷப் பட்டம் வேண்டுமென்று மாகாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விதித்தன. 1960-களின் முடிவுக்குள் ஏறக்குறைய எங்கும் அதுவே விதியாயிற்று. நார்மல் பாடசாலைகள் உபாத்தியாயர் கலாசாலைகளாகிப் பின்பு சர்வகலாசாலைகளாக உயர்ந்தன. இரண்டு வருஷக் கலாசாலைகளோ உயராமல் நின்றன. விதியைக் குறை கூறுதற்கில்லை. அரைகுறையாய்க் கற்றவரிடம் குழந்தைகளை ஒப்புவிப்பதை எப்பெற்றோர் விரும்புவர்? ஆனால் தரத்தை உயர்த்தியவர்கள் அதற்கான செலவை யார் தலையில் ஏற்றினார்கள் என்று கேட்க வேண்டாமா?

இதற்கிடையில் கலாசாலைகளின் பெயரே மாறலாயிற்று. 1944-ம் வருஷத்துச் சட்டம் யுத்தத்தினின்று திரும்பிய சிப்பாய்களின் படிப்புச் செலவை அரசாங்கமே ஏற்கச் செய்தது. 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிஷன், ஒவ்வோர் ஊராரும் எட்டும் தொலைவில் கலாசாலை இருத்தல் வேண்டுமென்று கூறி, கம்யூனிடி காலேஜ் என்னும் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. பிற்காலத்தில் இவற்றின் தொகை ஆயிரத்தைக் கடந்தது.

நடுப்பள்ளியின் வரலாறு வேறு. எட்டு வருஷம் ஆரம்பப் பள்ளி, நான்கு வருஷம் ஹைஸ்கூல் என்ற பழைய பகுப்பில், எட்டாம் வகுப்புடன் படிப்பை நிறுத்துவோர் மிகப்பலர். அதனைத் தடுக்க 1909-ல் ஒஹையோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரிலும், 1910-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் இடைநிலைப் பள்ளிகள் ஏற்பட்டன. நாளடைவில் அவை ஹைஸ்கூலின் சிறு பிரதியாகிவிட்டன என்ற மனக்குறை வளர்ந்தது. 1963-ல் வில்லியம் அலெக்ஸாண்டர் என்னும் கல்வியறிஞர், பதினொன்று முதல் பதினான்கு பிராயம்வரையுள்ள சிறுவர்க்கென்றே மிடில் ஸ்கூல் வேண்டுமென்று எடுத்துரைத்தார். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு ஈறாக அமைந்த பள்ளிகள் பெருகின. அவற்றுக்கேற்ற உபாத்தியாயர்தாம் அரியர். குழந்தைக்குக் கற்பிக்கப் பழகியவருக்குக் கணிதத்தின் ஆழம் போதாது. ஹைஸ்கூலுக்குப் பழகியவருக்கோ மீசை அரும்பும் பிராயத்தாரின் மனக்குழப்பம் விளங்காது. குழந்தையுமன்று, பெரியவனுமன்று என்னும் அப்பருவத்துப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்போர் இதனை நன்கறிவர். ஆகையால் பல மாகாணங்கள் நடு வகுப்புகளுக்கெனத் தனி அத்தாட்சி ஏற்படுத்தின. டெக்ஸாஸில் நான்கு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் அவ்வாறு உண்டு.

அவ்வாறு நடுப்பள்ளி உபாத்தியாயராக விரும்பும் ஏழைப் பிள்ளை, சமூகக் கலாசாலையில் குறைந்த கட்டணத்தில் முதலிரண்டு வருஷங்களைக் கற்கிறான். பட்டத்துக்கு வேண்டிய 120 அலகுகளில் 60 அங்கே முடியும். பாஷை, கணிதம், விஞ்ஞானம் முதலிய பொதுப் பாடங்களுடன் குழந்தை மனோதத்துவமும் கல்வித் தத்துவமும் கற்று, அருகிலுள்ள பள்ளியில் சென்று உட்கார்ந்து பாடம் நடப்பதைக் கண்டு குறிப்பெழுதவும் வேண்டும். இக்கடைசிப் பயிற்சியே மிக நன்று. இத்தொழில் தனக்கு ஏற்றதன்று என்பதை நான்கு வருஷப் பணத்தைக் கொட்டிய பிறகு அறிவதிலும் முதல் வருஷத்திலேயே அறிவது இலாபம். பின்னிரண்டு வருஷங்கள் சர்வகலாசாலையில். இறுதியில் பள்ளியில் நின்று கற்பித்துப் பழகுதலும், மாகாணப் பரீட்சையும்.

சொல்லுதற்கு எளிதாயிருக்கும் இவ்வழியில் நடுவே ஆறு ஒன்று குறுக்கிடுகின்றது. சமூகக் கலாசாலையில் கற்ற பாடங்களைச் சர்வகலாசாலையார் முழுதும் ஏற்பதில்லை. ஒன்றை வேறு பெயரிற் கற்றாய் என்பர். மற்றொன்றை இங்கேதான் கற்கவேண்டும் என்பர். 2004 முதல் 2009 வரை ஒரு கலாசாலையினின்று மற்றொன்றுக்கு மாறிய மாணாக்கர், பெற்ற அலகுகளில் சராசரி நூற்றுக்கு 43 பங்கை இழந்தனர் என்று கூட்டரசின் தணிக்கை ஸ்தாபனம் 2017-ல் மதிப்பிட்டது. பணமும் போய்க் காலமும் போயிற்று. மிச்சப்படுத்த வந்த பிள்ளையே இருமுறை கட்டணஞ் செலுத்த நேர்ந்தது. பணமுள்ளவன் மனம் புழுங்குவதோடு நிற்பான். இல்லாதவன் ஆசிரியத் தொழிலையே கைவிடுவான்.

மேரிலாண்ட் மாகாணத்தார் 2001-ல் இதற்கொரு பரிகாரங் கண்டனர். போதனைக்கென இரண்டு வருஷப் பட்டம் ஒன்றை ஏற்படுத்தி, அதை முடித்தவரைத் தனித்தனிப் பாடமாக ஆராயாமல் மொத்தமாக ஏற்பதென மாகாணத்துச் சர்வகலாசாலைகள் உடன்பட்டன. இரு திறத்து ஆசிரியரும் ஒரு மேசையில் அமர்ந்து பாடத்திட்டத்தை வகுத்ததே இதில் முக்கியம். இதனைப் பின்பற்றிய மாகாணங்களும் உள.

புளோரிடா மாகாணம் வேறுவழி சென்றது. அங்கே நீக்ரோ மக்களுக்கெனத் தனியாக 12 ஜூனியர் கலாசாலைகள் இருந்தன. முதலாவது 1949-ல் பென்ஸகோலாவில் தோன்றியது. ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து கிப்ஸ் ஜூனியர் கலாசாலை 1957-ல் ஏற்பட்டது. நிறத்தால் பிரித்தல் கூடாதென்று 1954-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததன் பின்னும் இவற்றுட் பெரும்பாலானவை எழுந்தன என்பது விந்தையே. தீர்ப்பைத் தாமதிக்கச் செய்த உபாயமென்று கூறுவர். எப்படியாயினும் அவற்றில் ஆயிரக்கணக்கானோர் கற்றனர். 1960-களின் நடுவில் அவை யாவும் மூடப்பெற்று வெள்ளையர் கலாசாலைகளுடன் சேர்க்கப்பட்டன. பிரிவினை ஒழிந்தது நன்று. ஆனால் தம்மினத்தார் கட்டிக்காத்த கலாசாலைகளின் பெயரும் தலைமையும் உடன் ஒழிந்தன. தென் மாகாணங்களின் பள்ளிகளிலும் அவ்வாறே. பள்ளிகள் ஒன்றானபோது நீக்ரோ உபாத்தியாயர் பதினாயிரக்கணக்கில் வேலையிழந்தனர்.

கிப்ஸ் கலாசாலையைத் தன்னுள் ஏற்றது 1927-ல் நிறுவப்பெற்ற ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஜூனியர் கலாசாலை. அதுவே 2001-ல் சட்டசபையின் அனுமதி பெற்று, ஜூனியர் என்னும் சொல்லைத் தன் பெயரினின்று நீக்கி, நான்கு வருஷப் பட்டத்தையும் தானே அளிக்கத் தொடங்கிய முதல் புளோரிடாக் கலாசாலையாயிற்று. முதலில் எடுத்துக்கொண்ட துறைகளுள் ஒன்று உபாத்தியாயர் பயிற்சி. மயாமி நகரத்துப் பெருங்கலாசாலையும் சில வருஷங்களில் அவ்வழியிற் சென்றது. சர்வகலாசாலைகள் தம் உரிமையிற் கைவைப்பதாக முணுமுணுத்தன. எனினும் இருபதுக்கு மேற்பட்ட மாகாணங்கள் இன்று தம் சமூகக் கலாசாலைகளுக்கு ஏதேனும் ஒரு துறையில் இவ்வதிகாரத்தை அளித்துள்ளன. அரிஸோனா மாகாணத்தில் 2021-ல் சட்டமாயிற்று.